ஓடையில் வந்ததை யாருக்குக் கொடுப்பது?

பல தளங்களின் புதிய செய்திகளை ஓரிடத்தில் சேர்த்துத் தரும் செய்தியோடைத் திரட்டிகளில் படிப்பது, படித்ததை நண்பர்களுக்குப் பகிர்வது, அதன் அடியில் கருத்து எழுதுவது ஆகியவை பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் அன்றாட வாசிப்பில் பெரும்பகுதி இன்றும் ஒரு திரட்டியின் வழியாகவே நடக்கிறது என்பதால், இவற்றுக்குப் பதில் எழுதுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

கேள்வி: எல்லாச் செய்தியும் சமூக ஊடகத்திலேயே வந்துவிடுகிறதே, திரட்டி என்று தனியாக ஒன்று எதற்கு? அது எப்படி வேலை செய்கிறது?

பதில்: ஒரு செய்தித்தளமோ வலைப்பதிவோ தன்னிடம் புதிதாக வந்தவற்றின் தலைப்பு, இணைப்பு, சுருக்கம், வெளியான நேரம் ஆகியவற்றை ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கிறது. அந்தக் கோப்புதான் ஓடை. நீங்கள் கொடுத்த முகவரிகளுக்கெல்லாம் திரட்டி குறிப்பிட்ட இடைவெளியில் போய்ப் பார்த்து, புதியவற்றை எடுத்து வந்து வரிசையாக வைக்கிறது. ஓடைக் கோப்பை எழுதுவதற்கான ஆர்.எஸ்.எஸ். (RSS) என்ற வடிவத்தின் முதல் பதிப்பு 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவானது. இன்று பரவலாகப் புழங்கும் 2.0 பதிப்பு 2002-இலும், அதற்கு இணையான ஆட்டம் (Atom) என்ற வடிவம் 2005 டிசம்பரிலும் வந்தன. சமூக ஊடகத்தில் எதை முதலில் காட்டுவது என்பதை நிறுவனத்தின் கணக்கீடு முடிவு செய்கிறது. திரட்டியிலோ நீங்கள் சேர்த்தது வரும், சேர்க்காதது வராது. அந்த உரிமையோடு ஒரு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது: உங்கள் வாசிப்பு குறுகிப்போனால், குறுக்கியவர் நீங்கள்தான்.

கேள்வி: கூகுள் ரீடரில் பகிர்ந்து பேசிய காலத்தை என் அண்ணன் இன்னும் ஏக்கத்தோடு சொல்கிறார். அதில் அப்படி என்ன இருந்தது?

பதில்: உங்கள் அண்ணனின் ஏக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. கூகுள் நிறுவனத்தின் திரட்டியான கூகுள் ரீடர் 2005 அக்டோபரில் வெளியானது. முதலில் அது வெறும் வாசிப்புக் கருவியாகத்தான் இருந்தது. ஒருவர் பகிர்ந்ததை அவருடைய நண்பர்கள் தங்கள் ரீடரிலேயே பார்க்கும் வசதி 2007 டிசம்பரிலும், இணையத்தில் எங்கே கண்டதையும் ஒரு குறிப்போடு பகிரும் வசதி 2008 மேயிலும், பகிர்ந்ததன் அடியில் பின்னூட்டம் எழுதும் வசதி 2009 மார்ச்சிலும் சேர்ந்தன. 2011 அக்டோபர் கடைசியில் இந்தப் பகிர்வு வசதிகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அந்நிறுவனத்தின் சமூக ஊடகமான கூகுள் பிளஸுக்கு அனுப்பும் பொத்தானை வைத்தார்கள். ரீடரையே மூடப்போவதாக 2013 மார்ச்சில் அறிவித்து, ஜூலை 1 அன்று மூடினார்கள்.

தேதிகளை இவ்வளவு வரிசையாகச் சொல்லக் காரணம், பின்னூட்டத்தோடு கூடிய அந்தப் பகிர்வு இரண்டரை ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இருந்தது என்பதைக் காட்டத்தான். அவ்வளவு குறுகிய காலத்துக்குள் அது பலரின் மனத்தில் இப்படி இடம்பிடித்தது எப்படி? அங்கே வந்தவர்கள் அனைவரும் படிப்பதற்காக வந்தவர்கள். ஒரு நண்பர் பகிர்ந்த கட்டுரை பெரும்பாலும் முழுமையாகவே என் கண்முன் இருக்கும். அதன் அடியிலேயே அவருடைய குறிப்பும், அதற்கும் அடியில் மற்ற நண்பர்களின் பேச்சும் இருக்கும். கட்டுரையைத் தாண்டித்தான் கருத்துக்குப் போக முடியும் என்பதால், படிக்காமல் பேசுவது அங்கே அரிதாகவே நடந்தது. கூட்டமும் சிறியது. எங்கள் வட்டத்தில் ஏழு பேர் இருந்தோம். அவர்களில் ஒருவர் வாரத்துக்கு இரண்டு செய்திகளுக்கு மேல் பகிரமாட்டார். அவை பெரும்பாலும் பூச்சிகளைப் பற்றியோ பழைய நிலப்படங்களைப் பற்றியோ இருக்கும். ஆனால் அவர் எழுதும் மூன்று வரிக் குறிப்புக்காகவே நான் அவற்றைத் திறப்பேன். ஒருவர் எதைக் கவனிக்கிறார் என்பதை அறிந்துகொள்வது அவரோடு பழகுவதில் பெரிய பங்கு என்பதை நான் அங்கேதான் கற்றேன். ஈரானில் பல தளங்கள் முடக்கப்பட்டிருந்த காலத்தில் அங்குள்ள வாசகர்கள் பலர் ரீடரையே படிக்கும் இடமாகவும் பேசும் இடமாகவும் வைத்திருந்தார்கள் என்பதும், 2011 மாற்றத்தை எதிர்த்து உரக்கப் பேசியவர்களில் அவர்களும் உண்டு என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கவை.

கேள்வி: இப்போது அதே போலப் பகிர்ந்து பேச வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. 2011-இல் எடுக்கப்பட்ட வசதிகளை இழந்தவர்கள் தங்களுக்காகவே கட்டத் தொடங்கியதுதான் தி ஓல்ட் ரீடர் என்ற திரட்டி. நியூஸ்பிளர் என்ற திரட்டியில் ஒவ்வொருவரும் பகிர்ந்தவை அவரவர் பெயரில் ஒரு பக்கமாகச் சேர்கின்றன. நண்பர்கள் அங்கே பின்னூட்டம் எழுதலாம். இனோரீடர் என்ற திரட்டியில் பிடித்தவற்றுக்கு ஒரு குறிச்சொல் கொடுத்துவிட்டு, அந்தக் குறிச்சொல்லையே ஓர் ஓடையாக வெளியிடலாம். உங்கள் நண்பர் எந்தத் திரட்டியைப் பயன்படுத்தினாலும் அந்த ஓடை அவருக்குப் போய்ச் சேரும் என்பதால் எனக்கு இந்த வழி மிகவும் பிடிக்கும். ஒரே நிறுவனத்தின் சுவருக்குள் எல்லாரும் குடியேற வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை. சொந்தமாக ஓர் இணைப்புப் பதிவு தொடங்கி, நாளுக்கு ஒரு சுட்டியும் நான்கு வரியும் எழுதினாலும் இதே பயன் கிடைக்கும்.

எந்த வழியானாலும், நீங்கள் பகிர்வதை யார் பார்ப்பார்கள் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். 2007 டிசம்பரில் ரீடரில் பகிர்வு வசதி வந்தபோது, அரட்டைத் தொடர்பில் இருந்தவர்கள் அனைவரையும் நண்பர்களாக எடுத்துக்கொண்டு அவர்களுக்கெல்லாம் பகிர்வுகளைக் காட்டியதால் பலர் மனம் புண்பட்டார்கள். ஒரு சிலருக்காக மட்டும் என்று எண்ணிப் பகிர்ந்ததை, அலுவலகத்தில் உள்ளவரும் விலகிப்போன உறவினரும் படித்தால் அதன் பொருளே மாறிவிடும் அல்லவா?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஆர்.எஸ்.எஸ். வடிவத்தை வகுத்தவர்கள், ஒரு செய்தி முதலில் எந்த ஓடையிலிருந்து வந்தது என்பதைக் குறிக்கத் தனியாக ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இணைப்பைக் கண்டெடுத்தவருக்குரிய நன்றி கைமாறும்போது தொலைந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். கருவி தானாகச் செய்யாவிட்டால் நாமே ஒரு வரியில் எழுதிவிடலாம். யார் வழியாக வந்தது என்று சொல்லப்பட்ட பகிர்வில், படிப்பவருக்குச் செய்தியோடு இன்னொரு நல்ல வாசகரின் அறிமுகமும் கிடைக்கிறது.

கேள்வி: விந்தைச் செய்தி ஒன்றைப் பகிர்ந்தேன். அது நையாண்டித் தளத்தில் வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. மிகவும் கூச்சமாகிவிட்டது. எப்படித் தவிர்ப்பது?

பதில்: எனக்கும் இது நேர்ந்திருக்கிறது, அன்று இரவு முழுவதும் மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் தவறு முழுவதும் உங்களுடையது அன்று. திரட்டியின் இயல்பிலேயே இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தளத்தில் போய்ப் படித்தால் அதன் முகப்பு, சின்னம், பக்கத்தின் ஓரத்தில் உள்ள மற்றத் தலைப்புகள் என்று பல குறிப்புகள் நம்மை எச்சரிக்கும். திரட்டி அவற்றையெல்லாம் உரித்துவிட்டு, ஆராய்ச்சிக் கழகத்தின் அறிவிப்பையும் நையாண்டியையும் ஒரே எழுத்துருவில், ஒரே அளவில், அடுத்தடுத்து வைக்கிறது. தேதியும் ஏமாற்றும். ஒவ்வொரு செய்திக்கும் ஓடையில் ஓர் அடையாளக் குறி உண்டு. தளம் தன் மென்பொருளை மாற்றும்போது அந்தக் குறிகள் மாறிப்போனால், பல ஆண்டுகளுக்கு முந்தைய செய்திகள்கூடப் படிக்காதவை என்ற வரிசையில் புதிதாக வந்து நிற்கும்.

அனுபவம் மிக்க ஆசிரியர் குழுக்களுக்கும் இது நடக்கிறது. 2012 நவம்பரில், வட கொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னை உலகின் கவர்ச்சிமிக்க ஆண் என்று தி ஆனியன் என்ற நையாண்டி இதழ் எழுதியதை, சீனாவின் மக்கள் நாளிதழின் இணையதளம் உண்மை என்று எடுத்துக்கொண்டு 55 படங்களோடு வெளியிட்டது. 1957 ஏப்ரல் 1 அன்று, சுவிட்சர்லாந்தில் மரங்களிலிருந்து ஸ்பகெட்டி அறுவடை செய்வதாக பி.பி.சி. ஒளிபரப்பியபோது, அந்த மரத்தை எப்படி வளர்ப்பது என்று தொலைபேசியில் கேட்டவர்கள் உண்டு.

இதனால் விந்தை என்றாலே பொய் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. புறாக்களின் காலில் கட்டி இணையத் தரவை அனுப்புவதற்கான ஆவணம் ஒன்று 1990 ஏப்ரல் 1 அன்று வேடிக்கைக்காக எழுதப்பட்டது. 2001 ஏப்ரலில் நார்வேயின் பெர்கன் நகரத்து லினக்ஸ் இயங்குதள ஆர்வலர்கள் அதை உண்மையாகவே செய்து பார்த்தார்கள். ஒன்பது தரவுப் பொட்டலங்களை அனுப்பியதில் நான்குக்குத்தான் பதில் வந்தது, விரைவாக வந்த பதிலுக்கே முக்கால் மணிக்கு மேல் ஆனது. வேடிக்கை, உண்மை என்ற இரண்டு பெட்டிகளில் ஒன்றில் மட்டும் இதைப் போட முடியாது. இப்படிப்பட்ட செய்திக்குத்தான் பகிர்பவரின் குறிப்பு மிகவும் தேவைப்படுகிறது.

ஆகவே, திரட்டியிலிருந்து நேராகப் பகிராமல், மூலப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். தளம் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது, செய்தி எந்த ஆண்டில் வந்தது, அதை முதலில் சொன்னவர் யார் என்ற மூன்றும் தெரிந்தால் பெரும்பாலான பிழைகள் அங்கேயே நின்றுவிடும். பத்துத் தளங்களில் வந்திருக்கிறதே என்பது சான்றாகாது. பத்தும் ஒரே செய்தி முகமையின் வரிகளை எடுத்துப் போட்டிருக்கலாம். ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018-இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த கட்டுரை, 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு நேரம் ஆனது என்று கண்டது. பொய்யில் இருந்த புதுமைதான் மனிதர்களைப் பகிரத் தூண்டியிருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். அந்தப் புதுமையைத் தேடித்தான் விந்தைச் செய்திகளுக்கு நாம் போகிறோம் என்பதால், நமக்குக் கூடுதல் நிதானம் வேண்டும்.

தவறு நேர்ந்துவிட்டால் ஓசையின்றி அழித்துவிடாதீர்கள். நண்பர்களின் திரட்டிகள் அதை ஏற்கெனவே எடுத்துப்போய்ப் பிரதி வைத்திருக்கும். உங்கள் பக்கத்தில் அழித்தாலும் அவர்களிடம் அது இருக்கும். நீங்கள் முன்பு பகிர்ந்த அதே ஓடையில், இது தவறு என்று புதிதாக ஒரு வரி எழுதினால்தான் திருத்தம் அவர்களைச் சென்றடையும்.

விந்தை என்ற பெயரில் வருபவற்றில் ஒரு வகையை நான் பகிர்வதே இல்லை. யாரோ ஒரு சாதாரண மனிதர் தடுமாறிய கணம், அவருடைய பெயரோடும் முகத்தோடும் உலகம் முழுவதும் சிரிப்புக்காகச் சுற்றுகிறது. அதை இன்னும் ஏழு பேருக்கு அனுப்புவதற்கு எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

கேள்வி: பகிரும்போது என்ன எழுதுவது? கட்டுரை முழுவதையும் எடுத்துப் போடலாமா?

பதில்: முழுவதையும் போடாதீர்கள். அது எழுதியவரின் உரிமை. ஒரு பத்தியும் இணைப்பும் போதும். உங்கள் குறிப்பில், கட்டுரையின் எந்த இடம் உங்களை நிறுத்தியது என்பதை எழுதுங்கள். ‘நல்ல கட்டுரை’ என்ற இரண்டு சொற்களைக் கொண்டு நண்பரால் எதையும் முடிவு செய்ய இயலாது. ‘நான்காம் பத்தியில் உள்ள கணக்கு எனக்குப் பொருந்தி வரவில்லை, உனக்கு எப்படி?’ என்று கேட்டால் அவர் உடனே நான்காம் பத்திக்குப் போவார். மறுத்துப் பேசும்போதும் கட்டுரையின் வரியை எடுத்துக் காட்டியே மறுங்கள். அப்போது பேச்சு பகிர்ந்தவர்மீது திரும்பாமல் பொருளிலேயே நிற்கும்.

கேள்வி: படிக்காதவை ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. என்ன செய்ய?

பதில்: எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்துவிடுங்கள். முக்கியமானது எதுவோ அது யாராவது ஒரு நண்பரின் வழியாகத் திரும்பி வரும். நாளுக்கு ஐம்பது செய்தி வெளியிடும் ஓடைகளை விலக்கி, வாரத்துக்கு ஒன்று எழுதுபவர்களை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக இணைப்பும் குறிப்புமாக ஓர் ஓடை வெளியிடுகிறேன். யாராவது படிக்கிறார்களா என்றே தெரியவில்லை. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம் என்பதே என் விருப்பம். ஓடையில் படிப்பவர் உங்கள் பக்கத்துக்கு வராமலேயே படித்துவிட்டுப் போகிறார் என்பதால், வருகைக் கணக்கில் அவர் தென்படமாட்டார். மேலே சொன்ன பூச்சி நண்பருக்கு நான் ஒருமுறைகூடப் பின்னூட்டம் எழுதியதில்லை. ரீடரின் பகிர்வு வசதிகள் எடுக்கப்படப்போகின்றன என்று தெரிந்த பிறகுதான், அவருடைய குறிப்புகளை இத்தனை நாளும் ஒன்றுவிடாமல் படித்து வந்ததாக அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். தம்மை யாரும் படிப்பதில்லை என்று எண்ணி, பகிர்வதை ஓராண்டுக்கு முன்பே குறைத்துக்கொண்டதாக அவர் பதில் எழுதினார். உங்கள் அடுத்த குறிப்பின் முடிவில், படிப்பவர்கள் ஒரு வரி எழுதும்படி வெளிப்படையாகக் கேளுங்கள். ஓடையின் முகவரியை எனக்கும் அனுப்புங்கள். என் திரட்டியில் சேர்த்துக்கொள்கிறேன்.