கார் கடன் முடியும் வரை குழந்தையைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: எனக்கு 33 வயது, கணவருக்கு 36. நான் மாதச் சம்பளத்தில் இருக்கிறேன். அவர் சொந்தத் தொழில் செய்கிறார். ஒரு மாதம் நன்றாக வரும், அடுத்த மாதம் வராது. கார் கடனில் இன்னும் 22 தவணைகள் பாக்கி. அவை முடிந்த பிறகு குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்கிறார் அவர். எனக்கு அவ்வளவு காலம் காத்திருக்க மனமில்லை. கையிருப்பு நான்கு மாதக் குடும்பச் செலவுக்குச் சமம். 14 மாதங்களுக்கு முன் எடுத்த மருத்துவக் காப்பீடு ஒன்று இருக்கிறது. என் அலுவலகத்தில் மகப்பேறு விடுப்பின் முதல் மூன்று மாதங்களுக்கு முழுச் சம்பளம் உண்டு. விரும்பினால் மேலும் மூன்று மாதம் சம்பளமில்லாமல் எடுக்கலாம். கருத்தரிப்பதற்கு முன் செய்யவேண்டியவை என்று ஒரு பெரிய பரிசோதனைத் தொகுப்பையும் பரிந்துரைத்திருக்கிறார்கள். அதற்கு இப்போதே செலவழிக்க வேண்டுமா? எவ்வளவு சேர்த்த பிறகு தொடங்கலாம்?

பதில்: கடிதம் முழுவதும் கார்தான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது. முதலில் அதை இறக்கிவிடுவோம்.

இன்றிலிருந்து மூன்று மாதம் உடலைத் தயார்ப்படுத்துகிறீர்கள், நான்காம் மாதமே கருத்தரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் அப்படி உடனே நடப்பதில்லை. ஆனால் பணக் கணக்குக்கு அதுதான் மிக நெருக்கடியான நிலை. அப்போதுகூடக் குழந்தை பிறக்க ஏறக்குறைய 12 மாதம் ஆகிவிடும். அதற்குள் 12 தவணைகள் கட்டி முடித்திருப்பீர்கள். பாக்கி பத்து. பிறந்த பின் முதல் மூன்று மாதம் உங்களுக்கு முழுச் சம்பளம் வருகிறது. ஆக, சம்பளமில்லாத காலத்தில் விழும் தவணைகள் மூன்றே மூன்று. உங்கள் கணவர் 22 தவணைகளுக்குப் பயப்படுகிறார். சமாளிக்க வேண்டியது மூன்று. அந்த மூன்றையும் இப்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டால் இந்த விவாதத்திலிருந்து கார் வெளியேறிவிடும்.

காத்திருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. 22 மாதம் கழித்து உங்களுக்கு 35 வயதை ஒட்டியிருக்கும். 35 என்பது மலையுச்சி விளிம்பு அல்ல. அன்று காலையில் எதுவும் உடைந்துவிடாது. கருத்தரிக்கும் வாய்ப்பு படிப்படியாகத்தான் குறைகிறது. ஆனால் 35 வயதுக்குக் கீழே ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள் என்பவர்கள், அதற்கு மேல் ஆறு மாதத்திலேயே வரச் சொல்கிறார்கள். இப்போது தொடங்கினால் கையில் ஓராண்டு அவகாசம் இருக்கிறது. பிறகு தொடங்கினால் அது பாதியாகிறது, சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பும் கூடுகிறது. அந்தச் சிகிச்சைச் செலவோடு ஒப்பிட்டால் கார் தவணை சில்லறைக் காசு.

இனி, எனக்கு முக்கியமாகத் தோன்றும் விஷயம். பெரும்பாலோர் இந்தச் செலவைப் பிரசவ நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள். எண்ணவேண்டியது கருத்தரிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி. ஏனென்றால் மிகச் சிறிய செலவுகள்தான் மிக முன்னதாக வருகின்றன. அவற்றின் தேதியைத் தள்ளிப்போட முடியாது.

ஃபோலிக் அமில மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்து ஏறக்குறைய 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அந்த நேரத்தில் பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரியாது. பரிசோதனைக் கோடு தெரிந்தபின் மருந்துக்கடைக்கு ஓடினால் தாமதமாகிவிடலாம். அதனால்தான் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள். ஏற்கெனவே இந்தக் குழாய் சரியாக மூடாத குறைபாட்டோடு ஒரு கர்ப்பத்தைச் சந்தித்த பெண்களிடம் ஏழு நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று 1991-இல் வெளியானது. கருத்தரிக்கும் முன்பிருந்தே அதிக அளவு ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களிடம் அந்தக் குறைபாடு மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. நீரிழிவு இருப்பவர்களுக்கும் வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கும் வேறு அளவு தேவைப்படலாம். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். என் தொழிலில் எத்தனையோ முதலீடுகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சிறிய தொகைக்கு இவ்வளவு பலன் தரும் ஒன்றை நான் யாருக்கும் விற்றதில்லை. வெறும் மாத்திரையே போதும். பல சத்துகளைச் சேர்த்துப் பளபளப்பான டப்பாவில் வரும் கலவைகளை நீங்களாக வாங்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் இருக்கும் அதிக அளவு வைட்டமின் ஏ கருவுக்குக் கெடுதல்.

அந்தப் பரிசோதனைத் தொகுப்பை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முதலில் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் ஒரே ஒரு ஆலோசனைக்குப் பணம் கொடுங்கள். என்னென்ன பரிசோதனை தேவை என்று அவர் எழுதட்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், ரத்த வகை, தேவையிருந்தால் தைராய்டு, ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) எதிர்ப்புச் சக்தி என்று பட்டியல் பொதுவாகச் சிறியதாகவே இருக்கும். ரூபெல்லா தடுப்பூசி தேவைப்பட்டால் அதைக் கர்ப்பத்தில் போட முடியாது. போட்ட பிறகும் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவரா என்று பார்ப்பதும் நல்லது. இருவருமே சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதை முன்கூட்டியே அறிந்திருப்பது பெரிய உதவி. ஏதாவது மருந்து வழக்கமாகச் சாப்பிடுகிறீர்கள் என்றால் சீட்டை எடுத்துச் செல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பெரிய தொகுப்புகளில் ஏ.எம்.எச். என்ற ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் இடம்பெற்றிருக்கும். கருமுட்டை இருப்பு எவ்வளவு என்பதற்கு அது ஓர் அறிகுறி. சிகிச்சையில் இருப்பவர்களுக்குப் பயன்படும். ஆனால் கருவுறாமைப் பிரச்சினை எதுவும் இல்லாத பெண் இயல்பாகக் கருத்தரிப்பாரா என்பதை அது சொல்லாது. முயற்சியே தொடங்காத உங்களுக்கு அது, பணம் கொடுத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் வழி.

உங்கள் கணவருக்கும் இதில் பங்கு உண்டு. விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகிறது. அவர் புகைப்பவராக இருந்தால் இன்றே நிறுத்த வேண்டிய காரணம் அதுதான். இந்தப் பட்டியலில் செலவுக்குப் பதில் வரவு தரும் ஒரே வரி அது.

அடுத்தது காப்பீடு. உங்கள் தொடக்கத் தேதியை முடிவு செய்யும் உரிமை உண்மையில் கார் கடனுக்கு இல்லை, இந்தப் பாலிசிக்கு இருக்கிறது. முதலில் அதில் மகப்பேறு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல பாலிசிகளில் இருக்காது. இருந்தால், காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி எடுத்து எத்தனை மாதம் கழித்து மகப்பேற்றுச் செலவு கிடைக்கும் என்று பாருங்கள். உதாரணத்துக்கு 24 மாதம் என்றால் உங்களுக்கு இன்னும் பத்து பாக்கி. அந்தக் காலம் கருத்தரிக்கும்போது முடிந்திருக்க வேண்டுமா, பிரசவத்தின்போது முடிந்திருந்தால் போதுமா? இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிரசவத்தின்போது போதும் என்றால் இப்போதே தொடங்கலாம். கருத்தரிக்கும்போதே முடிந்திருக்க வேண்டும் என்றால், சில மாதம் பொறுப்பதா, காப்பீட்டை மறந்துவிட்டுச் சொந்தப் பணத்தில் பார்த்துக்கொள்வதா என்று முடிவெடுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு உச்சவரம்பு எவ்வளவு, பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டா என்பதையும் கேளுங்கள். ஆயுள் காப்பீடு இல்லையென்றால் அதையும் கர்ப்பத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். கர்ப்ப காலத்தில் விண்ணப்பத்தை ஒத்திவைக்கும் நிறுவனங்கள் உண்டு.

எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கேட்டீர்கள். கையிலிருக்கும் நான்கு மாதத் தொகையைத் தொடாதீர்கள். கணவரின் வருமானம் ஏறி இறங்குவதால் அதை ஆறு மாதமாக உயர்த்துங்கள். அதற்கு மேல் பிரசவத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்று தேவை. நீங்கள் போக நினைக்கும் மருத்துவமனையில் சுகப்பிரசவத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் எவ்வளவு ஆகும் என்று விசாரித்து, பெரிய தொகையோடு கால் பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். காப்பீடு அதைத் தந்தால் நல்லது. தரும் என்று நம்பிச் சேமிப்பைக் குறைக்க வேண்டாம். மருத்துவரைப் பார்க்கும் செலவையும் மறக்காதீர்கள்: உலக சுகாதார நிறுவனம் 2016 முதல் ஒரு கர்ப்பத்தில் குறைந்தது எட்டு முறை பரிசோதனைக்குச் செல்லப் பரிந்துரைக்கிறது.

சம்பளமில்லாத மூன்று மாதத்துக்கு ஓர் ஒத்திகை பாருங்கள். மாத்திரை தொடங்கும் மாதத்திலிருந்தே மூன்று மாதம், உங்கள் சம்பளம் வந்த அன்றே அதை முழுவதுமாகத் தனிக் கணக்குக்கு மாற்றிவிட்டு, கணவரின் வருமானத்தில் மட்டும் குடும்பம் நடத்துங்கள். முடிந்தால், விடுப்புக் காலத்துக்கான பணம் சேர்ந்துவிட்டது என்று பொருள். அந்த மூன்று தவணைகளும் அதற்குள் அடங்கிவிடும். முடியாவிட்டால், துண்டு விழும் தொகை எவ்வளவு என்பது குழந்தை வருவதற்கு ஒன்பது மாதம் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இந்தப் பணத்தை எங்கே வைப்பது என்பதில் நானே ஒருமுறை சறுக்கியவன். எங்கள் முதல் குழந்தைக்காகப் போட்ட வைப்புத்தொகை, மருத்துவர் குறித்த தேதிக்கு மூன்று வாரம் முன்னதாக முதிரும்படி பார்த்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் திட்டம் போட்டுக் கொடுப்பவன் அல்லவா, பெருமையாக இருந்தது. குழந்தை ஐந்து வாரம் முன்னதாக வந்துவிட்டது. உலகில் பத்தில் ஒரு குழந்தை 37 வாரம் நிறையும் முன்பே பிறக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. பங்குச் சந்தையும் வேண்டாம், முதிர்வுத் தேதி பார்த்துப் பூட்டிவைப்பதும் வேண்டாம். எந்த நேரமும் எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். வட்டி குறைந்தாலும் பரவாயில்லை.

அந்தக் கணக்கை இருவரில் யார் வேண்டுமானாலும் தனியாக இயக்கும்படி இருவர் பெயரிலும் தொடங்குங்கள். பணம் கட்டவேண்டிய நாளில் நீங்கள் பிரசவ அறைக்குள் இருப்பீர்கள். கடவுச்சொல் வெளியே நிற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.