பேன், பொடுகு, தலைப்படை: மருந்து ஷாம்பூ பற்றிக் கேட்டவையும் பதில்களும்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு ஒரு மருந்தாளுநரின் பதில்கள் இவை. பாதிப் பேர் "மருந்து ஷாம்பூ போட்டேன், கேட்கவில்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பேனுக்கு ஒன்று, பொடுகுக்கு ஒன்று, காளாஞ்சகப்படைக்கு (சோரியாசிஸ்) வேறொன்று. பாட்டில்கள் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் மருந்தின் பெயரும் சதவீதமும் இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கோட்டையூர்: ஒன்பது வயது மகளுக்கு பெர்மெத்ரின் 1% போட்டேன். அன்றைக்கே பேன் செத்து உதிர்ந்தது. பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடியும் சொறிகிறாள். மருந்து டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் இல்லை அம்மா, இரண்டாவது தடவை போடாமல் விட்டிருக்கிறீர்கள். இந்த மருந்து ஓடுகிற பேனைக் கொல்லும். ஓட்டுக்குள் இருக்கிற ஈரை முழுசாகக் கொல்லாது. ஈர் பொரிக்க 7 முதல் 9 நாள் ஆகும். பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிட இன்னும் ஒன்பது பத்து நாள். அதனால் முதல் தடவைக்குப் பிறகு ஒன்பதாம் நாள் மறுபடி போட்டால், மிச்ச ஈரெல்லாம் பொரித்திருக்கும், ஒரு குஞ்சும் முட்டையிட ஆரம்பித்திருக்காது. அந்த நாளைத் தவறவிட்டால் முதலிலிருந்துதான். ஒரு தாய்ப்பேன் நாளுக்கு எட்டு ஈர் வரை வைக்கும்.

போடுகிற விதத்திலும் தப்பு நடக்கிறது. எண்ணெய்த் தலையில் போட்டால் மருந்து பேன் மேல் படாது. முதலில் சாதாரண ஷாம்பூவால் எண்ணெய் போக அலசுங்கள், கண்டிஷனர் வேண்டாம். பிறகு துண்டால் துவட்டி, சொட்டு நிற்கிற வரை விடுங்கள். ஈரம் சொட்டுகிற தலையில் ஊற்றினால் 1% மருந்து அரை சதவீதம் ஆகிவிடும். முடியை நாலாகப் பிரித்து, பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் தொடங்குங்கள். பேனுக்குப் பிடித்த இடம் அதுதான். வேர் நனைய வேண்டும், நுனி நனைந்தால் போதாது. தோள் வரை முடிக்கு 60 மில்லி பாட்டில் ஒன்று சரியாக இருக்கும். இடுப்பு வரை சடை என்றால் இரண்டு வாங்குங்கள். ஒன்றையே இழுத்துப் பூசுவது வீண்.

கண்ணில் மடித்த துண்டை வைத்துக்கொள்ளச் சொல்லி, கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம். பிறகு குழாயடியில் குனிய வைத்து, வெந்நீர் இல்லாமல் பச்சைத் தண்ணீரில் தலையை மட்டும் அலசுங்கள். மருந்து உடம்பெல்லாம் வழிய வேண்டியதில்லை. அடுத்த இரண்டு நாள் தலைக்கு ஊற்ற வேண்டாம்.

எட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். சில பேன் மந்தமாக நகர்ந்தால் மருந்து வேலை செய்கிறது. சீவி எடுத்தால் போதும், உடனே மறுபடி போடாதீர்கள். எல்லாம் முன்போலவே ஓடினால் அந்தப் பேனுக்கு இந்த மருந்து பழகிவிட்டது. பல நாடுகளில் இப்படி ஆகியிருக்கிறது. அப்போது டைமெத்திகோன் லோஷனுக்கு மாறலாம். அது விஷம் இல்லை, பேனை மூடி மூச்சடைக்கிற சிலிகோன் எண்ணெய். பேன் அதற்குப் பழகிப்போக வாய்ப்பு குறைவு. ஐவர்மெக்டின் மாத்திரையும் உண்டு. அது டாக்டர் எடை பார்த்து எழுத வேண்டியது. 15 கிலோவுக்குக் கீழுள்ள பிள்ளைக்குக் கொடுப்பதில்லை.

தேவகோட்டை: அந்தக் காலத்தில் சீத்தாப்பழ விதையை அரைத்துப் போட்டே பேனை ஒழித்தோம். இந்தக் கடை மருந்தெல்லாம் எதற்கு?

ஆச்சி, அந்த விதையில் பேனைக் கொல்கிற சத்து நிஜமாகவே இருக்கிறது. அதே சத்துதான் கண்ணில் பட்டால் கருவிழியின் மேல்தோலை அரித்துவிடும். தலையில் அப்பிக்கொண்டு தூங்கி, காலையில் கண் திறக்க முடியாமல் கண் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களைப் பற்றி நம் நாட்டுக் கண் டாக்டர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். அரைக்கிறவர் கையிலிருந்தும் கண்ணுக்குப் போகும். ஏற்கெனவே பட்டுவிட்டால், தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று எதையும் விடாமல், ஓடுகிற சுத்தமான தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். அடுப்படி நெருப்பும், அதன் ஆவி நுரையீரலுக்குள் போவதும் இரண்டும் ஆபத்து. எறும்புச் சாக்பீஸைத் தலையில் தேய்ப்பதும், வயலுக்கு அடிக்கிற மருந்தைக் கலந்து தடவுவதும் பிள்ளையின் உயிரோடு விளையாடுவது. பூச்சிமருந்து தலைத்தோல் வழியாக ரத்தத்துக்குப் போகும். தேங்காயெண்ணெயில் கற்பூரம் நிறையக் கலந்து சின்னக் குழந்தைக்குத் தடவுவதையும் நிறுத்துங்கள். அது வாய்க்குள் போனால் வலிப்பு வரும். வெறும் தேங்காயெண்ணெயும் நல்ல சீப்பும் இந்த எல்லாவற்றையும்விட மேல்.

பள்ளத்தூர்: விடுதியில் முப்பது பெண் பிள்ளைகள். ஒருத்திக்குச் சரியாகும்போது இன்னொருத்திக்கு வந்துவிடுகிறது. அறையெல்லாம் மருந்து அடிக்கலாமா?

வேண்டாம். தலையை விட்டு விழுந்த பேன் ரத்தம் குடிக்காமல் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். அது தாவாது, பறக்காது. தலை தலையோடு முட்டும்போது ஊர்ந்து போகும். படைப்புக்கும் கல்யாணத்துக்கும் பிள்ளைகள் வளவில் பாய் விரித்து ஒன்றாகப் படுத்து எழுந்தால், அடுத்த மாதம் நாலு ஊரில் பேன் கிளம்புவது இதனால்தான்.

முப்பது தலையையும் ஒரே நாளில் பாருங்கள். ஓடுகிற பேன் உள்ள தலைகளுக்கு மட்டும் மருந்து, எல்லோருக்கும் ஒரே நாளில். இரண்டு நாளாகப் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, துப்பட்டாவை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். சீப்பு, ரிப்பன், கிளிப்பை கை பொறுக்காத வெந்நீரில் பத்து நிமிடம் ஊற வையுங்கள்.

மருந்துக்குப் பணம் பத்தவில்லை என்றால் ஈரச் சீவல் ஒன்றே போதும், பொறுமை மட்டும் இருந்தால். முற்றத்து வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். ட்யூப்லைட்டில் குஞ்சுப்பேன் தெரியாது. நனைந்த முடியில் கண்டிஷனரோ எண்ணெயோ தாராளமாகப் பூசினால் பேன் ஓட முடியாமல் வழுக்கி நிற்கும். பெரிய சீப்பால் சிக்கெடுத்து, இரண்டு விரல் அகலத்துக்குப் பிரித்து, பேன் சீப்பை தோலில் படும்படி வைத்து நுனி வரை ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடையுங்கள். எள் அளவில் பழுப்பாக இருந்தால் வளர்ந்த பேன். ஊசிமுனை அளவில் ஊர்ந்தால் குஞ்சு. தலை முழுதும் இரண்டு சுற்று. நீளமுடிக்கு அரை மணிக்குக் குறையாது. 1, 5, 9, 13ஆம் நாள் என்று நாலு தடவை. 13ஆம் நாளும் பேன் கிடைத்தால் தொடர வேண்டியதுதான்.

சீப்பு வாங்கும்போது நெருக்கமான, நீளப் பல் வைத்த எஃகுச் சீப்பாகப் பாருங்கள். பிளாஸ்டிக் பல் வளைந்து இடம் விட்டுவிடும். திருவிழாக் கடை மரச்சீப்பில் பெரிய பேன் மாட்டும், குஞ்சு நழுவிவிடும்.

கண்டனூர்: பேன் இல்லை, ஈர் மட்டும் வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஈர் தோலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தாய்ப்பேன் வேரை ஒட்டித்தான் முட்டை வைக்கும். முடி மாதத்துக்கு சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். அரை சென்டிமீட்டருக்குள் பழுப்பு நிறத்தில் இருந்தால் உயிருள்ள ஈராக இருக்கலாம். ஒரு சென்டிமீட்டர் தாண்டி வெள்ளையாக இருப்பது பொரித்துப்போன வெறும் ஓடு. அதற்கு மருந்து போடுவது வீண், பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதும் வீண். டீச்சரிடம் இதைக் காட்டிப் பேசுங்கள்.

விரலால் தட்டினால் உதிர்வது பொடுகு. நகத்தால் இழுத்தாலும் வராமல் ஒரு பக்கமாக ஒட்டியிருப்பது ஈர். வினிகர் அந்தப் பசையைக் கரைக்காது. கண்டிஷனர் பூசி ஈர்கொல்லியால் உருவுவதே வழி.

புதுவயல்: கீட்டோகோனசோல் 2% மூன்று மாதமாகப் போடுகிறேன். பொடுகு போய்ப் போய் வருகிறது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் விடுவதில்லை.

தம்பி, கேள்வியின் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. பொடுகுக்குக் காரணம் மலசீசியா என்கிற ஈஸ்ட், ஒரு வகைப் பூஞ்சை. எல்லார் தலையிலும் இருப்பதுதான். அதற்குச் சாப்பாடு எண்ணெய்ப்பசை; தின்றபின் விட்டுவைக்கிற கொழுப்பு அமிலம் சிலர் தோலுக்கு ஆகாமல் செதில் செதிலாக உரிகிறது. எண்ணெய் வைத்ததும் பொடுகு அடங்கினாற்போல் தெரியும். செதில் நனைந்து ஒட்டிக்கொள்வதால் வருகிற தோற்றம் அது. இரண்டு நாளில் முன்னைவிட அதிகமாக உதிரும்.

எண்ணெய்க் குளியலை விடச் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியும். உடம்புக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள். தலைக்கு, பொடுகு அடங்குகிற வரை, முடி நீளத்துக்கு மட்டும் லேசாகத் தடவி அன்றைக்கே அலசிவிடுங்கள். ராத்திரி எண்ணெயோடு தூங்குவது கூடாது. மருந்து போடுகிற நாளில் சீயக்காயும் வேண்டாம்; புண்பட்ட தோலை அந்தத் தூள் உரசும்.

முறை இதுதான்: சாதாரண ஷாம்பூவால் ஒரு தடவை அலசி, பிறகு மருந்து ஷாம்பூ 5 முதல் 10 மில்லி. முடிக்கு இல்லை, தோலுக்கு. நகம் படாமல் விரல் நுனியால் தேய்த்து ஐந்து நிமிடம் விடுங்கள். போட்ட உடனே கழுவுகிறவர்கள் பாதி மருந்தைச் சாக்கடைக்குக் கொடுக்கிறார்கள். வாரம் இரண்டு தடவை, நடுவில் மூன்று நாள் இடைவெளி, நாலு வாரம். அதன்பின் வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை போட்டுவர வேண்டும். ஈஸ்ட் ஒழியாது, அடங்கித்தான் இருக்கும். "குணமாகிவிட்டது" என்று நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது. புருவம், மூக்கோரம், தாடிக்குள்ளும் செதில் இருந்தால் அதே நுரையை அங்கும் தடவுங்கள்.

நாலு வாரம் ஒழுங்காகச் செய்தும் மாறவில்லை என்றால் அது பொடுகாக இல்லாமல் இருக்கலாம். வெள்ளி மாதிரி தடித்த செதில், நெற்றி எல்லையைத் தாண்டி இறங்குவது, முழங்கையிலும் இருப்பது காளாஞ்சகப்படையின் அடையாளம்.

கானாடுகாத்தான்: அந்தக் காளாஞ்சகப்படைக்குத்தான் கோல் டார் (நிலக்கரித் தார்) ஷாம்பூ எழுதியிருக்கிறார்கள். நாற்றம் தாங்கவில்லை.

தார் அப்படித்தான் இருக்கும். ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து அலசிவிட்டு, பிறகு வாசனை ஷாம்பூ போட்டுக்கொள்ளலாம். போட்ட அன்று உச்சி வெயிலில் தலையைக் காட்டாதீர்கள், தோல் சீக்கிரம் கன்றும். நரைமுடியிலும் வெள்ளை வேட்டியிலும் கறை ஏறும்.

அரியக்குடி: கழுத்திலும் முதுகிலும் தேமல். தலைக்குப் போடுகிற ஷாம்பூவை உடம்பில் போடலாமா?

போடலாம், பொடுகுக்குக் காரணமான அதே ஈஸ்ட்தான். கீட்டோகோனசோல் 2% ஆனால் நனைந்த தோலில் தடவி ஐந்து நிமிடம், தினமும் ஐந்து நாள். செலினியம் சல்ஃபைடு 2.5% ஆனால் பத்து நிமிடம், ஏழு நாள். செயின், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், கறுத்துவிடும். செதில் நின்றாலே ஈஸ்ட் போன மாதிரி. வெள்ளைத் திட்டு பழைய நிறத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி மறுபடி போடாதீர்கள்.

குன்றக்குடி: ஆறு வயது மகனுக்குத் தலையில் ரூபாய் அளவில் முடி ஒடிந்து கறுப்புப் புள்ளியாக இருக்கிறது. எந்த ஷாம்பூ? மொட்டை போட்டால் போகுமா?

இரண்டிலும் போகாது. இது தலைப்படை. பூஞ்சை முடி வேருக்குள் இருக்கிறது. ஷாம்பூ அவ்வளவு ஆழம் போகாது. டெர்பினாஃபின் அல்லது கிரிசியோஃபுல்வின், எடைக்குத் தக்க அளவில் வாரக்கணக்கில் வாயால் சாப்பிட வேண்டும். தோல் டாக்டர் சுரண்டி எடுத்துப் பரிசோதித்து எழுதுவார். கூடவே கீட்டோகோனசோல் ஷாம்பூ வாரம் இரண்டு தடவை போடச் சொல்வார்கள். அது இவனைக் குணமாக்க இல்லை, அண்ணன் தங்கைக்கு ஒட்டாமல் தடுக்க.

மெடிக்கலில் கேட்டு வாங்குகிற ஸ்டீராய்டு கலந்த மூன்றுமருந்து க்ரீமைத் தடவாதீர்கள். அரிப்பு நிற்கும், படை உள்ளே பரவும். அந்த இடம் கொழகொழவென்று வீங்கிச் சீழ் வைத்தால் கீறிவிடாமல் அன்றைக்கே காட்டுங்கள். தாமதமானால் வடு விழுந்து அங்கே முடி முளைக்காமலே போகலாம். வேண்டுதல் மொட்டையைத் தள்ளிப்போடுங்கள், இல்லையென்றால் புது பிளேடு என்பதை நின்று பாருங்கள்.

காரைக்குடி: நாய்க்கு வாங்கிய உண்ணி ஷாம்பூ மிச்சம் இருக்கிறது. பேனுக்கு அதைப் போடலாமா?

நாய்க்கே வையுங்கள். நாய்ப்பேன் மனிதருக்கு வராது, மனிதப் பேன் நாய்க்குப் போகாது. மருந்தின் அளவும் வேறு. வீட்டில் பூனை இருந்தால் நாய் மருந்தை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

ஆ. தெக்கூர்: மகள் ஐந்து மாத கர்ப்பம். பேன் தொல்லை.

முதலில் ஈரச் சீவல், மேலே சொன்ன நாலு தடவை. கேட்காவிட்டால் டாக்டரிடம் சொல்லிவிட்டு பெர்மெத்ரின் 1%. ஐவர்மெக்டின் மாத்திரை இப்போது வேண்டாம்.

தேவகோட்டை: பழைய பீரோவில் பேன் லோஷன் பாட்டில் ஒன்று. காமா பென்சீன் ஹெக்ஸாகுளோரைடு என்று போட்டிருக்கிறது. போடலாமா?

போடாதீர்கள். லிண்டேன் என்பதும் இதுதான். தோல் வழியாக ரத்தத்தில் ஏறி நரம்பைத் தாக்கும், சின்னப் பிள்ளைக்கு வலிப்பு வரும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா 2002இலேயே இதைத் தடை செய்தது. 2003இல் அந்நாட்டு மருந்துத் துறை பாட்டிலில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. கடையில் இன்னும் எடுத்துக் கொடுத்தால் பெர்மெத்ரின் கேட்டு வாங்குங்கள். பீரோவில் இருப்பதை மூடியோடு பையில் கட்டி, பிள்ளை கைக்கு எட்டாமல் வைத்து, மருந்துக் கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுங்கள். கிணற்றடியிலோ ஊருணிக் கரையிலோ ஊற்றிவிடாதீர்கள், மீன் செத்து மிதக்கும்.