மகள் எழுத்து வேலைக்குப் போகிறேன் என்கிறாள்: ஒரு அம்மாவுக்குப் பதில்

"கம்ப்யூட்டரே இலவசமாக எழுதித் தருகிறதே, என் பொண்ணுக்கு யார் சார் காசு கொடுத்து எழுதச் சொல்வார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. பிளஸ் டூ முடித்த மகள் பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு இணையதளங்களுக்குக் கட்டுரை எழுதும் கன்டென்ட் ரைட்டர் ஆக வேண்டும் என்கிறாள். அவள் அப்பா பி.காம்.தான் என்று பிடிவாதமாக நிற்கிறார். எந்தப் படிப்பு என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் காசு விஷயம். உங்கள் பயம் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பயத்தில் பாதி சரி. சொல்லுக்கு முப்பது பைசா, ஐம்பது பைசா என்று பேசி, ஒரே நாளில் ஐந்தாறு கட்டுரை கேட்கும் வேலை ஒன்று உண்டு. 'முடி கொட்டுவதைத் தடுக்க 10 வழிகள்' வகையறா. எழுதுகிறவருக்கு முடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே இணையத்தில் கிடக்கும் நாலு கட்டுரைகளைத் திறந்துவைத்து, சொற்களை மாற்றிப் போட்டு ஐந்தாவது ஒன்றைத் தயாரிப்பார். ஐம்பது பைசா கணக்கில் 1,000 சொல்லுக்கு 500 ரூபாய். இந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டு வருகிறது, அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. உங்கள் மகள் இதற்குத்தான் ஆசைப்படுகிறாள் என்றால் தாராளமாகத் தடுத்துவிடுங்கள்.

இந்த வியாபாரம் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) வருவதற்கு முன்பே ஒருமுறை அடிவாங்கிய ஒன்று. அமெரிக்காவில் டிமாண்ட் மீடியா என்று ஒரு நிறுவனம் இருந்தது. மக்கள் கூகுளில் எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்து, அந்தத் தலைப்புகளில் கட்டுரைக்குச் சுமார் 15 டாலர் கொடுத்து ஆயிரக்கணக்கில் எழுதி வாங்கி, இஹவ் முதலிய தன் தளங்களில் குவித்தது. 2011 ஜனவரியில் அது பங்குச்சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தின் மதிப்பையே தாண்டியது. அடுத்த மாதமே கூகுள் தன் தேடல் முறையை மாற்றியது. பாண்டா என்று பெயர். அமெரிக்காவில் நடக்கும் தேடல்களில் 11.8 சதவீதத்தில் இதன் விளைவு தெரியும் என்று கூகுளே அறிவித்தது. மலிவாகக் குவித்த தளங்கள் பின்னுக்குப் போயின. டிமாண்ட் மீடியா பழைய உயரத்துக்குத் திரும்பவே இல்லை, 2016-ல் பெயரையே மாற்றிக்கொண்டது. 2024 மார்ச்சில் கூகுள் விதியை இன்னும் இறுக்கியது: தேடலில் முன்னுக்கு வருவதற்காக மட்டும் பயனில்லாத பக்கங்களைக் குவித்தால், எழுதியது ஆளா இயந்திரமா என்று பார்க்காமல் அது குப்பைக் கணக்கில் சேரும்.

சரி, ஏஐ நன்றாகவே எழுதியிருந்தால்? சிநெட் என்ற பெரிய அமெரிக்கத் தளம் அதைச் செய்து பார்த்தது. பணம், வட்டி, கடன் பற்றி 77 கட்டுரைகளை இயந்திரத்தை வைத்து எழுதி வெளியிட்டது. 2023 ஜனவரியில் விஷயம் வெளியே வந்த பிறகு, அவற்றில் 41 கட்டுரைகளைத் திருத்த வேண்டியதாயிற்று. ஒரு கட்டுரையில் 10,000 டாலரை 3 சதவீத வட்டியில் போட்டால் முதல் வருட முடிவில் 10,300 டாலர் சம்பாதிக்கலாம் என்று இருந்தது. சம்பாத்தியம் 300 டாலர்தான், மீதி போட்ட முதல். வங்கியில் டெபாசிட் போட்ட எந்தப் பாட்டியும் இதைக் கண்டுபிடித்திருப்பார். வாக்கியங்களில் குறையே இல்லை, சரளமாக இருந்தன. ஆபத்தே அதில்தான். தடுமாறி எழுதப்பட்ட தப்பை எடிட்டர் பிடித்துவிடுவார், சரளமாக எழுதப்பட்ட தப்பு கண்ணில் படாமல் போய்விடும்.

இனி நல்ல எழுத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம். நீங்கள் கரூர்ப் பக்கம் என்பதால் அங்கிருந்தே சொல்கிறேன். அங்கே படுக்கை விரிப்பு, கிச்சன் டவல், திரைச்சீலை செய்து ஏற்றுமதி செய்கிற கம்பெனிகளின் இணையதளங்கள் பத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஒரே பாட்டு: உலகத்தரம், நேர்த்தி, வாடிக்கையாளர் திருப்தி. கம்பெனி பெயரை மாற்றிப் போட்டால் கோழிப்பண்ணைக்கும் பொருந்தும். ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு துணி வாங்கும் பையருக்கு இது எதற்கு? அவர் மனதில் இருப்பது வேறு. துணி எத்தனை ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம்? துவைத்தால் எவ்வளவு சுருங்கும்? சாயம் நிற்குமா? ஆர்கானிக் பருத்தி என்கிறீர்களே, சான்றிதழ் யார் கொடுத்தது? சாயத் தண்ணீரை எங்கே விடுகிறீர்கள்? குறைந்தபட்சம் எத்தனை பீஸ் ஆர்டர் கொடுக்க வேண்டும், சேம்பிள் எத்தனை நாளில் வரும்?

இதற்குப் பதில் எழுதுகிறவர் தறி ஓடும் இடத்துக்குப் போக வேண்டும். சாயப்பட்டறைக்காரரிடம் பேச வேண்டும். குவாலிட்டி பார்க்கிறவர் வைத்திருக்கும் டெஸ்ட் ரிப்போர்ட்டை வாங்கிப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். முதலாளி "சுருங்கவே சுருங்காது" என்றால், ரிப்போர்ட் அப்படிச் சொல்லவில்லையே என்று மரியாதையாகக் கேட்கிற தைரியமும் வேண்டும். பருத்தித் துணி சுருங்கும், எவ்வளவு என்று மறைக்காமல் சொல்கிற கம்பெனியைத்தான் பையர் நம்புவார். இப்படி எழுதிய ஒரு பக்கத்துக்கு முதலாளி பத்தாயிரம் ரூபாய் கொடுத்தாலும் நஷ்டம் இல்லை. அதைப் படித்துவிட்டு வருகிற ஒரு பையர் போதும். தவிர, ஒவ்வொரு விசாரணைக்கும் மெர்ச்சண்டைசர் (ஆர்டர்களைக் கவனிக்கும் ஊழியர்) அதே பதிலைத் திரும்பத் திரும்ப மெயில் அடிக்கும் நேரம் மிச்சம். ஏஐயிடம் எவ்வளவு கேட்டாலும் அந்தப் பட்டறையின் ரிப்போர்ட் அதனிடம் இருக்காது. யாராவது போய் எடுத்துவந்து கொடுத்தால்தான் உண்டு. அந்த 'யாராவது'க்குத்தான் சம்பளம்.

ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ், வரி, சட்டம் பற்றிய தளங்களில் இது இன்னும் கடுமை. மருந்தின் அளவைத் தப்பாக எழுதினால் படிப்பவரின் உடம்பு கெடும், வெளியிட்டவர் பெயரும் கெடும். சென்னையில் ஜோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ், சார்ஜ்பீ போன்ற மென்பொருள் கம்பெனிகளுக்கு விற்பனைக் கட்டுரையும் வேண்டும், மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் உதவிப் பக்கங்களும் வேண்டும். உதவிப் பக்கம் எழுதுகிறவருக்கு டெக்னிக்கல் ரைட்டர் என்று பெயர். வெளியே பகட்டாகத் தெரியாது, ஆனால் மாதச் சம்பளம் வரும் வேலை. உங்களைப் போல நிம்மதி தேடும் பெற்றோர் அந்தப் பக்கம் கொஞ்சம் பார்க்கலாம். வீட்டிலிருந்து ஃப்ரீலான்ஸ், அதாவது மாதச் சம்பளம் இல்லாமல் கட்டுரைக்கு இவ்வளவு என்று வாங்குவது என்றால் முதல் ஓரிரண்டு வருடங்களுக்கு வருமானம் ஏறி இறங்கும், அதை மறைக்க மாட்டேன்.

இதற்கு உங்கள் மகள் பொருந்துவாளா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கிலீஷ் எவ்வளவு அழகாக எழுதுகிறாள் என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். அவள் கேள்வி கேட்கிற பிள்ளையா? வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை அப்படியே நம்புவாளா, "இது எங்கே போட்டிருக்கு?" என்று தேடுவாளா? தெரியாத ஒரு கடைக்காரரிடம் போய் அரைமணி நேரம் பேசுவாளா? எழுதியதை நீங்கள் திருத்தினால் கோபித்துக்கொண்டு போய்விடுகிறாளா, திரும்ப எழுதுகிறாளா? இவற்றில் மூன்றுக்காவது நல்ல பதில் இருந்தால் தைரியமாக விடுங்கள்.

இனி படிப்பு. நான் அவள் அப்பா பக்கம் கொஞ்சம் சாய்கிறேன் என்று சொன்னால் மகள் கோபப்படக்கூடும். வாக்கியம் எழுதத் தெரிந்தவர்கள் நிறைய. பேலன்ஸ் ஷீட்டைப் படித்து நாலு பேருக்குப் புரிகிற மாதிரி எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. பி.காம். படித்துக்கொண்டே எழுதப் பழகினால் வரி, முதலீடு, வங்கிக் கடன் பற்றி எழுதும் இடம் அவளுக்குத் திறக்கும், அங்கே கூலியும் கூடுதல். ஆனால் கணக்கு என்றாலே அவளுக்கு வயிற்றைக் கலக்கும் என்றால் பி.ஏ. ஆங்கிலமே படிக்கட்டும், கூடவே ஏதாவது ஒரு துறையைப் பிடித்துக்கொள்ளட்டும். துணி, விவசாயம், உடல்நலம், எதுவானாலும் சரி. எல்லாவற்றைப் பற்றியும் எழுதுவேன் என்பவருக்குத்தான் ஐம்பது பைசா. தமிழையும் விட்டுவிட வேண்டாம். தளம் நடத்துகிறவருக்கு வருமானம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் 2018 முதல் தமிழ்த் தளங்களுக்கும் கிடைக்கிறது. இரண்டு மொழியிலும் சரியாக எழுதுகிறவரைத் தேடிப் பிடிப்பது இன்றும் கஷ்டம்.

பணம் கட்டி 'கன்டென்ட் ரைட்டிங் சர்டிபிகேட்' வகுப்பில் இப்போது சேர்க்க வேண்டாம். கூகுள் டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்களை இலவசமாகவே வைத்திருக்கிறது, ஹப்ஸ்பாட் என்ற மென்பொருள் கம்பெனியின் அகாடமியிலும் இலவசப் பாடம் உண்டு. ஏஐயையும் பழகட்டும், தலைப்புகளை யோசிக்கவும் எழுத்துப்பிழை பார்க்கவும் உதவும். அது கொடுக்கும் எண்களையும் பெயர்களையும் மட்டும் சரிபார்க்காமல் எடுக்கக் கூடாது.

வேலை கேட்டுப் போகும்போது ஒரு ஜாக்கிரதை. "டெஸ்ட்" என்று சொல்லி நாலைந்து கட்டுரைகளை இலவசமாக எழுதி வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்கள் உண்டு. ஒரு சிறிய மாதிரி போதும், அதற்கு மேல் கேட்டால் கூலி பேசச் சொல்லுங்கள். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கம்பெனிக்குச் சொந்தம். ஃப்ரீலான்ஸாக எழுதியது, எழுத்தில் கையெழுத்துப் போட்டு உரிமையைக் கொடுக்கும்வரை பொதுவாக எழுதியவருக்கே சொந்தம். அதனால் எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துவிட்டுப் போட வேண்டும். கட்டுரையைத் தன் மாதிரிகளில் காட்டிக்கொள்ளலாமா என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

கல்லூரி விண்ணப்பத்துக்கு நாள் இருக்கிறது. அதற்குள் உங்கள் ஊரில் ஒரு விசைத்தறிப் பட்டறைக்கு அவளை அனுப்புங்கள். அங்கே ஒரு டவல் எப்படித் தயாராகிறது என்று விசாரித்து, ஒரு வெளிநாட்டு பையருக்குப் புரிகிற மாதிரி 800 சொற்களில் எழுதட்டும். எழுதியதைப் பட்டறைக்காரரிடமே படித்துக் காட்டி, அவர் சொல்லும் தப்புகளைத் திருத்தட்டும். முதலில் எழுதியது, திருத்தியது, இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். பி.காம்.-ஆ பி.ஏ.-வா என்பதை அவற்றைப் பார்த்துவிட்டு மூன்று பேரும் என்னோடு உட்கார்ந்து பேசலாம், அப்பாவையும் அழைத்து வாருங்கள்.