ஒத்தி வீடு, வாடகை வீடு: பணம் கைமாறுமுன்

கேள்வி (கோச்சடை): அடுக்குமாடி வீடொன்றை ஆறு லட்சத்துக்கு மூன்றாண்டு ஒத்திக்கு (மொத்தமாகப் பணம் கொடுத்து, வாடகையில்லாமல் குடியிருந்து, காலம் முடிந்ததும் பணத்தைத் திரும்பப் பெறும் ஏற்பாடு) தருவதாகச் சொல்கிறார்கள். நம்பிக் கொடுக்கலாமா, ஐயா?

பதில்: மாத வாடகை மிச்சமாவது உண்மைதான், ஆனால் உரிமையாளரிடம் ஆறு லட்சமும் உங்களிடம் ஒரு தாளும் இருக்கப்போவதால், அந்தத் தாள் எத்தகையது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். நூறு ரூபாய்க்கும் அதற்கு மேலும் உள்ள ஒத்தியைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் விதி. நம் மதுரையிலோ முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு முடித்துக்கொள்பவர்களே அதிகம். பதியாத ஒத்தி, சொத்தின் மீது பதிவானவற்றை மட்டும் காட்டும் வில்லங்கச் சான்றில் ஏறாது என்பதால், அதே வீட்டை உங்களுக்கு முன் வேறொருவர் ஒத்திக்குப் பிடித்திருந்தாலும் சான்று சுத்தமாகவே தெரியும். எனவே சான்றை மட்டும் நம்பாமல், இப்போது குடியிருப்பவரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் விசாரியுங்கள். அசல் பத்திரத்தையும் காட்டச் சொல்லுங்கள். நகல் மட்டுமே இருக்கிறது என்றால், அசல் பெரும்பாலும் வங்கியில் இருக்கும். கடன் நின்றுபோய் வீடு ஏலத்துக்கு வந்தால், முந்திய அடமானம் வங்கியுடையது, நீங்கள் அதற்குப் பின்னால்தான். இவ்வளவு விசாரிப்பதற்கு முகம் சுளிக்கும் உரிமையாளரின் வீடு வேண்டாம் என்பேன்.

கேள்வி (அண்ணா நகர்): பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள். பதினொரு மாத ஒப்பந்தம் என்பதால் பதிவும் தேவையில்லையாம். சரிதானா?

பதில்: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையையே வரம்பாகச் சொல்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் அந்த வரம்பு உதவாது. ஆகவே பேரம் கையெழுத்துக்கு முன்பே நடக்க வேண்டும். பதினொரு மாதக் கதையும் பழையது. இச்சட்டப்படி எத்தனை மாதத்துக்கானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். காலிசெய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். வெள்ளையடிக்கும் செலவில்தான் தகராறு வரும். அது யாருடையது, எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள், குடிபுகும் நாளிலேயே சுவர்களைப் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி (வில்லாபுரம்): மூன்று குடித்தனத்துக்கும் ஒரே மின்மீட்டர்தான். கவலைப்பட வேண்டுமா?

பதில்: வேண்டும். பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறுவதால், மூன்று வீட்டுக் கணக்கும் சேர்ந்து உயர்ந்த விலைப் படிக்குப் போய்விடும். தனி இணைப்புள்ள வீட்டைத் தேடுங்கள்.

கேள்வி (செல்லூர்): தரைத்தளத்தில் வாடகை குறைவு. போகலாமா?

பதில்: 2024 அக்டோபர் மழையில் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள், தரகரிடம் கேட்க வேண்டாம்.