இன்னொரு பேஸ் கிற்றார்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் பரந்தனுக்கு அருகில் வசிக்கும் ஓர் ஆசிரியன். ஒன்பது ஆண்டுகளாகத் தாழ்ந்த சுரம் வாசிக்கும் நாலு தந்தி பேஸ் கிற்றார் ஒன்று வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒருவர் வெளிநாடு போகும்போது எனக்கு விற்றுவிட்டுப் போனது. ஞாயிறுகளில் தேவாலயத்திலும், பாடசாலை விழாக்களிலும், ஊர்த் திருவிழாக்களில் நண்பர்களின் இசைக்குழுவோடும் வாசிக்கிறேன். போன மாதம் ஒரு பயிற்சிக்காகக் கொழும்புக்குப் போயிருந்தேன். இரவு பஸ்ஸுக்கு நேரம் கிடந்ததால் ஓர் இசைக்கருவிக் கடைக்குள் நுழைந்தேன். அங்கே ஐந்து தந்தியுள்ள, பற்றறி போடும் வகைக் கிற்றார் ஒன்று தொங்கியது. கடைக்காரர் தாமாகவே அதை எடுத்து அம்பிளிபயரில் மாட்டிக் கையில் தந்தார். இருபது நிமிடம் வாசித்தேன். அன்றிலிருந்து வீட்டுக் கிற்றாரை எடுத்தால் ஈரச் சாக்கைத் தட்டுவது போல இருக்கிறது. ஆவணியில் சீட்டுக்காசு வரும். அது ஏறக்குறைய அந்தக் கிற்றாரின் விலைக்குச் சரி. மனைவியிடம் சொன்னேன். "இவ்வளவு நாளும் வாசிச்சது நீங்களோ, கிற்றாரோ?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். இது ஆசையா தேவையா என்று எனக்கே விளங்கவில்லை. நீங்களும் ஒரு காலத்தில் பேஸ் வாசித்தவர் என்று எங்கோ எழுதியிருந்தீர்கள். நான் என்ன செய்யலாம்?

(பெயரைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

ஆசையா தேவையா என்ற கேள்வியை முதலில் ஒதுக்கி வைப்போம். அந்தத் தராசில் நிறுத்தால் உங்கள் முதல் கிற்றாரையே நீங்கள் வாங்கியிருக்க முடியாது. பரந்தனில் வயல் விதைப்பதற்கோ பிள்ளைகளைப் படிப்பிப்பதற்கோ யாருக்கும் பேஸ் கிற்றார் தேவைப்பட்டதில்லை. நான் கேட்க விரும்புவது வேறொன்று. அந்த இருபது நிமிடத்தில் கிற்றாரைப் பிடித்துக்கொண்டது உங்கள் காதா, உங்கள் இடக்கையா? கடிதத்தை மூன்று தடவை வாசித்துப் பார்த்தேன். கையைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. 'ஈரச் சாக்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். அது காது சொல்லும் குறை. காது சொல்லும் குறைகளில் பெரும்பாலானவற்றைச் சீட்டுக்காசைத் தொடாமலே தீர்க்கலாம் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒன்பது ஆண்டுகளில் எத்தனை தடவை தந்தி மாற்றினீர்கள் என்பதை நீங்கள் சொல்லவில்லை. நானும் ஊகித்துக்கொள்கிறேன். பேஸ் தந்தி என்பது ஒற்றைக் கம்பி அல்ல. நடுவிலே ஓர் உருக்குக் கம்பியும் அதைச் சுற்றி நெருக்கமாக முறுக்கிய இன்னொரு கம்பியும் சேர்ந்தது. அந்தச் சுற்றுகளுக்கு இடையேயுள்ள பள்ளங்களில் நமது வியர்வையும் தோல் அழுக்கும் தூசியும் இறுகிப்போகும்போது, அடிச்சுரம் கேட்கும், ஆனால் அதன் மேலே மணியடிப்பது போல் எழும் மேற்சுரங்கள் செத்துவிடும். உங்கள் ஈரச் சாக்கு அதுதான். கடையில் தொங்கிய கிற்றாரில் புதுத் தந்தி இருந்திருக்கும். சித்திரை வெய்யிலில், விசிறி இல்லாத மேடையில், கை நனைய நனைய வாசிக்கும் நமது பக்கத்துத் தந்திகள் குளிர்நாட்டுத் தந்திகளைவிட விரைவாகவே மூப்படைகின்றன.

இதற்கு எதிரான சாட்சியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டெட்ரொய்ட் நகரிலிருந்த மோட்டவுன் ஒலிப்பதிவுக்கூடத்தில் 1960களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தந்தி அறுந்தாலன்றி அதை மாற்றமாட்டார் என்பது பேஸ் வாசிப்போர் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அவர் கையிலிருந்தது ஃபெண்டர் நிறுவனம் 1962இல் செய்த பிரிசிஷன் என்ற பேஸ் கிற்றார். தந்தியோ மேற்பரப்பு வழவழப்பான தட்டைச் சுற்றுத் தந்தி. வலக்கையில் பெரும்பாலும் ஒற்றைச் சுட்டுவிரலால்தான் மீட்டினார். அந்த மங்கிய, பருத்த ஓசையில் அவர் உண்டாக்கிய நடைகளை உலகம் இன்றும் படித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் மனைவியின் கேள்விக்கு அவர் பக்கத்து நியாயம் இது. ஆனாலும் ஜேமர்சனுக்கு அந்த ஓசை வேண்டியிருந்தது, உங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. அதனால் தந்தியை மாற்றுங்கள்.

அடுத்தது கடையின் அம்பிளிபயர். 1933இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஃபிளெச்சர், மன்சன் என்ற இருவர், மனிதக் காது எல்லாச் சுரங்களையும் ஒரே அளவில் கேட்பதில்லை என்பதை அளந்து காட்டினார்கள். சத்தம் குறையக் குறையத் தாழ்ந்த சுரங்கள் மற்றவற்றைவிட வேகமாகக் காதிலிருந்து நழுவிவிடும். சத்தத்தைக் கூட்டினால் அவை திரும்பி வரும். கடைக்காரர் சத்தத்தை எவ்வளவில் வைத்தார் என்பதை நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். வீட்டிலோ பிள்ளை படிக்கிறது, பக்கத்து வீட்டில் யாரோ படுத்திருக்கிறார்கள், நீங்கள் குமிழை இரண்டுக்கு மேலே திருப்புவதில்லை. போதாக்குறைக்குப் பற்றறியில் இயங்கும் முன்பெருக்கி கிற்றாரின் உள்ளேயே இருந்துகொண்டு ஒலியைப் பருக்க வைக்கிறது. இரண்டு கிற்றாரையும் ஒரே அம்பிளிபயரில், காதுக்கு ஒரே சத்தம் வரும்படி குமிழைச் சரிசெய்து வாசித்துப் பார்க்காதவரை, எது நல்லது என்று நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

பற்றறி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. போர் நடந்த தொண்ணூறுகளில் பற்றறி வன்னிக்குள் வரத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்னில் வானொலி கேட்டவர்கள் நாம். பாட்டின் நடுவில் சுற்றுபவரின் கை சோர்ந்தால் பாட்டும் சோரும். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் தனக்கென்று ஒரு மெட்டுப் பிடித்து நடப்பதை நான் முதன்முதலில் கவனித்தது அப்படி ஒரு சிறிய வானொலியில்தான். 9 வோல்ட் பற்றறி இல்லாவிட்டால் வாய் திறக்காத ஒரு வாத்தியத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் முழு நம்பிக்கை வருவதில்லை. இது என் தனிப்பட்ட கோணல், உங்களுக்குச் சொல்லும் காரணம் அல்ல. வாங்குவதாயின், பற்றறி இல்லாமலும் ஒலிக்க வைக்கும் ஆளி அதில் உண்டா என்று பாருங்கள், வாசித்து முடிந்ததும் வயரைக் கழற்றுங்கள். வயர் செருகி இருக்கும் நேரமெல்லாம் பற்றறி கரைந்துகொண்டிருக்கும்.

இனி அந்த ஐந்தாவது தந்தி. நாலு தந்திக் கிற்றாரின் தடித்த தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 41 தடவை அதிர்கிறது. ஐந்தாவது தந்தி 31 தடவை. 31 ஹேர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 11 மீற்றர் நீளமானது. நமது ஊர்த் திருவிழாக்களில் தென்னை மரத்தில் கட்டும் குழல் ஒலிபெருக்கிக்கு இந்தச் சுரத்தின் அடிப்பகுதி எட்டவே எட்டாது. தேவாலயத்தில் கீபோர்ட்டுக்கென்று வாங்கி வைத்த சின்னப் பெட்டியிலும் அதில் மிகக் கொஞ்சமே வெளிவரும். நாம் கேட்பது 62, 93 என்று மேலே அடுக்கும் மேற்சுரங்களை மட்டும். விடுபட்ட அடிச்சுரத்தை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. சிறிய வானொலியில் எனக்குப் பேஸ் கேட்டதும் இந்தத் தந்திரத்தால்தான். கொழும்புக் கடையில் பெரிய பெட்டி முன்னால் நின்று நீங்கள் நெஞ்சில் உணர்ந்ததைப் பரந்தனில் ஒருவரும் உணரப் போவதில்லை. அத்தோடு, வாசிக்காத வேளையிலும் அந்தத் தந்தி மற்றவற்றின் அதிர்வில் தானாக முனகும். அதை எந்நேரமும் பெருவிரலால் அடக்கிக்கொண்டிருக்கப் புதிதாகப் பழக வேண்டும்.

அது வீண் என்று சொல்லவும் மாட்டேன். பாடுபவரின் சுருதி இறங்கி, பாட்டு டி சுருதியில் அமையும்போது, தடித்த தந்தி அதற்கு ஒரு முழுச்சுரம் மேலே 'ஈ'யில் நின்றுவிடுவதால், நாலு தந்திக்காரருக்குக் கீழே போக இடமில்லாமல் மேலே ஏற வேண்டியிருப்பது உண்மையான இடைஞ்சல். உங்கள் பாடகர் குழுவில் அது அடிக்கடி நேர்கிறதென்றால் தடித்த தந்தியை ஒரு முழுச்சுரம் தளர்த்தி டியில் வைத்து ஒரு மாதம் வாசித்துப் பாருங்கள். அதற்கும் கீழே போக வேண்டும் என்ற ஏக்கம் ஒவ்வொரு ஞாயிறும் வந்தால், அப்போது ஐந்தாம் தந்தியைப் பற்றிப் பேசலாம்.

கைக்கு வருகிறேன். கிற்றாரின் கழுத்து ஒன்றைத்தான் நீங்கள் வீட்டிலிருந்து மாற்ற முடியாது. லியோ ஃபெண்டர் 1951இல் முதல் பிரிசிஷனை விற்கத் தொடங்கியபோது வைத்த 34 அங்குலத் தந்தி நீளமே இன்றும் பொது வழக்கு. ஆனால் அகலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய பிரிசிஷன்கள் பலவற்றில் கழுத்தின் தலைப்பக்கம் 1¾ அங்குல அகலம். 1960இல் ஃபெண்டரிலிருந்து வந்த ஜாஸ் பேஸ் என்ற மாதிரியில் அது 1½ அங்குலம். காலங்குல வித்தியாசம்தானே என்று தோன்றும். எனக்கு அது வாசிப்பதற்கும் வாசிக்காமல் விடுவதற்கும் இடைப்பட்ட தூரமாக இருந்தது. என் முதல் கிற்றாரை 2009 தை மாதம் விசுவமடுவில் ஒரு குழிக்குள் வைத்து மண் மூடிவிட்டுப் போனேன். 2011இல் தோண்டியபோது நாலு ரியூனிங் கீயும் பிரிட்ஜ் தகடும் அகப்பட்டன. மரத்தைக் கறையான் முடித்திருந்தது. அதற்கிடையில் என் இடக்கைச் சுண்டுவிரல் நடுமூட்டில் மடங்காமல் போயிருந்தது. இரவல் வாங்கிய அகலக் கழுத்துக் கிற்றார்களில் இரண்டு பாட்டுக்கு மேல் தாங்காமல், இனி இது நமக்குச் சரிவராது என்று இருந்தவன், ஒரு நாள் வவுனியாவில் நண்பர் வீட்டில் மெல்லிய கழுத்துள்ள ஒன்றை மடியில் வைத்தேன். மூன்று விரலால் எல்லாச் சுரத்தையும் தொட முடிந்தது. அதன் ஓசை அப்படி ஒன்றும் விசேடமில்லை, ஆனாலும் கடன்பட்டு அதை வாங்கினேன். ஒரு நாளும் வருந்தியதில்லை.

ஆகையால் கொழும்புக் கிற்றாரின் கழுத்தை நினைவுகூர்ந்து பாருங்கள். ஐந்து தந்திக் கழுத்துகள் தலைப்பக்கத்தில் பெரும்பாலும் 43 முதல் 48 மில்லிமீற்றர் வரை அகலமானவை. அப்படியிருந்தும் உங்கள் கை இளகி, விரல்கள் தாமாக இடம் கண்டுபிடித்திருந்தால், நான் மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிட்டு நீங்கள் சீட்டுக்காசைப் பற்றி மனைவியோடு பேசலாம். கை ஒன்றையும் சொல்லவில்லை என்றால் பொறுங்கள்.

பொறுக்கும் நாட்களில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. தடித்த தந்தியை ஒரு கையால் முதலாவது ஃபிரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் ஃபிரெட்) மறு கையால் கழுத்து முடியும் இடத்து ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடியுங்கள். நடுவிலே, ஏழாவது எட்டாவது ஃபிரெட் அளவில், தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் இடையில் ஒரு பஸ் ரிக்கற் நுழையும் இடைவெளி இருந்தால் கழுத்து நலமாக இருக்கிறது. இரண்டு ரூபாய்க் குற்றி நுழைந்தால் கழுத்து வளைந்துவிட்டது. மாரியில் ஈரத்தைக் குடித்தும் சோளகம் வீசும்போது காய்ந்தும் மரம் அசைந்துகொண்டிருப்பதால், ஒன்பது ஆண்டுகள் தொடாத கழுத்து பெரும்பாலும் வளைந்துதான் இருக்கும். உள்ளே ஓடும் இரும்புக் கோலைச் சரியான அளவுள்ள அலன் சாவியால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல் இறுக்கி, ஒரு நாள் விட்டுப் பார்த்து, மறுபடியும் தேவையானால் திருப்புங்கள். இறுகி நின்றால் பலம் போட வேண்டாம். தெரிந்தவர் ஒருவரிடம் கொடுங்கள். தந்தி உயரம் குறைந்ததும் உங்கள் கிற்றார் உங்களுக்கே அந்நியமாகத் தோன்றக்கூடும்.

அதன் பிறகும் அந்த ஐந்து தந்தி நினைவில் தங்கினால், உங்கள் கிற்றாரையும் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தடவை கொழும்புக்குப் போங்கள். 4 கிலோ பாரம், இரவு பஸ், சிரமம்தான். கடையில் உட்கார்ந்து வாசிக்காமல் வாரைப் போட்டு நின்றபடி, ஞாயிற்றுப் பாடல்களையே இரண்டிலும் மாறி மாறி வாசியுங்கள். 2022இல் ரூபாய் சரிந்த பின் இறக்குமதி வாத்தியங்களின் விலை எங்கே போய் நிற்கிறது என்பதை நீங்களே அறிவீர்கள். ஒரு பஸ் பயணச் செலவு அதன் முன்னால் சிறியது.

கழற்றும் பழைய தந்திகளை எறிந்துவிட வேண்டாம். ஒரு பழைய சட்டியில் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ஈரமில்லாமல் துடைத்து, வெய்யிலில் காயவிட்டுச் சுருட்டி வையுங்கள். கொஞ்ச நாளைக்கு உயிர் திரும்பும். திருவிழா மேடையில் இரவு பதினொரு மணிக்குத் தந்தி அறுந்தால் கிளிநொச்சியில் எந்தக் கடையும் திறந்திராது.