அட்டகாமாவிலிருந்து உயுனி: முதல் இரவு எங்கே தூங்குவது?

கேள்வி: ஜூலையில் சிலியில் ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வாடகைக்கு எடுத்து, சான் பெட்ரோ தே அட்டகாமாவிலிருந்து பொலிவியாவின் ஏரிகள் வழியாக உயுனி உப்புப் பரப்புக்கு 3 நாளில் போக நினைக்கிறோம். இரவெல்லாம் கூடாரம்தான். முதல் இரவு லகுனா கொலராடா ஏரிப் பக்கம் தங்கலாமா?

பதில்: வேண்டாம். பயணத்தையே திருப்பிப் போடுங்கள். உயுனியில் தொடங்கி சான் பெட்ரோவில் முடியுங்கள்.

சான் பெட்ரோ 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 45 கி.மீ. தூரத்தில் உள்ள ஹிட்டோ காஹோன் (சிலி-பொலிவியா எல்லை) ஏறக்குறைய 4,500 மீட்டர். லகுனா கொலராடா 4,278 மீட்டர். காலையில் கிளம்பி அன்றிரவே அங்கே படுத்தால், கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் சுமார் 60 சதவீதத்தை வைத்துக்கொண்டு உடம்பு இரவைக் கடத்த வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் ஏறினீர்கள் என்பதைவிட, எந்த உயரத்தில் தூங்குகிறீர்கள் என்பதுதான் முக்கியம். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதே மருத்துவர்கள் சொல்லும் கணக்கு.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த மேட்டுநிலத்தின் நடுவில் உயர நோய் (ஆக்சிஜன் குறைவால் வருவது) முற்றினால், இறங்குவதற்குப் பக்கத்தில் தாழ்வான இடமே கிடையாது. சான் பெட்ரோ பக்கம் மட்டும்தான் சரிவு சட்டென்று இறங்கும். அதனால் மிக உயரமான இரவு, அந்தப் பக்கம் இறங்குவதற்கு முந்தைய இரவாக இருக்கட்டும்.

முதலில் சான் பெட்ரோவில் இரண்டு மூன்று இரவு தங்குங்கள். ஒரு நாள் 4,300 மீட்டரில் இருக்கும் எல் தாத்தியோ வெந்நீர் ஊற்றுகளுக்குப் போய்த் திரும்பி வந்து தூங்குங்கள். அப்புறம் கலாமா, ஒயாகுவே வழியாக உயுனி (3,650 மீட்டர்). இதுவும் பெரிய ஏற்றம்தான், அதனால் அங்கே இரண்டு இரவாவது வேண்டும். அடுத்த இரவு வழியில் உள்ள வில்லா மார் கிராமம், அதற்கடுத்தது லகுனா கொலராடா. மூன்று நாள் போதவே போதாது. உயர நோயைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரை உங்களுக்குச் சரிப்படுமா என்று ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே இறங்க வேண்டும்.

ஜூலை இரவுகளில் குளிர் மைனஸ் 15, 20 வரை போகும். காற்று அதைவிட மோசம். திறந்த கரையில் கூடாரம் போடாமல், அங்குள்ள தங்கும் விடுதிகளில் கேட்டு அவற்றின் சுவர் மறைவில் போடுங்கள். வெறும் பியூட்டேன் சிலிண்டர் அந்தக் குளிரில் எரியாது. புரோப்பேன் கலந்ததோ பெட்ரோல் அடுப்போ வேண்டும். தண்ணீர் 86 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகாது, குட்டி பிரஷர் குக்கர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு குளிர்ந்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

உயுனியைத் தாண்டினால் சான் பெட்ரோ வரை ஏறக்குறைய 500 கி.மீ.க்கு நம்பக்கூடிய பங்க் இல்லை. மணலில் வண்டி அதிகம் குடிக்கும், 800 கி.மீ.க்கான எரிபொருள் கையில் இருக்கட்டும். வண்டியை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக வாடகை நிறுவனத்தின் நோட்டரி சான்றளித்த அனுமதி கட்டாயம். பொலிவியாவை விட்டு வெளியேறும்போது வண்டிக்கான சுங்கத் தாளை முடிக்கும் இடம் பல ஆண்டுகள் எல்லையில் இல்லை. வழியிலேயே அப்பாச்செட்டாவில், 5,000 மீட்டருக்கு மேல் இருந்தது. இப்போது எங்கே என்று கிளம்பும் முன்பே விசாரித்துவிடுங்கள். அங்கேயே இருந்து, அதை விட்டுவிட்டு எல்லைக்குப் போனால் மறுபடி மேலே ஏற வேண்டியிருக்கும்.