ப்ளஸ் டூவில் சைக்காலஜி: வாசகர் கேள்விகள்

மகள் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டாள். ப்ளஸ் ஒன்னில் சைக்காலஜிதான் வேண்டும் என்கிறாள். சயின்ஸில் சேர்ப்பதா, ஹியூமானிடீஸில் சேர்ப்பதா?
- ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

கேரள ஹயர் செகண்டரியில் இரண்டு பக்கமும் சைக்காலஜி உண்டு. சயின்ஸில் எடுத்தால் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜியோடு கணக்குக்குப் பதிலாகச் சைக்காலஜி வரும். கணக்கு இல்லாததால் இன்ஜினியரிங் கதவு மூடிவிடும். நீட் எழுதத் தடையில்லை. ஆகவே மகளிடம் முதலில் கேட்க வேண்டியது, மனநல டாக்டராக ஆசையா, சைக்காலஜிஸ்ட் ஆக ஆசையா என்பதைத்தான். டாக்டர் என்றால் எம்.பி.பி.எஸ். வழியாகத்தான் போகமுடியும், அதற்கு சயின்ஸ் வேண்டும். சைக்காலஜிஸ்ட் ஆக ஹியூமானிடீஸே போதும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று பிசிக்ஸைத் தலையில் கட்டாதீர்கள்.

ப்ளஸ் ஒன் சேர்க்கைக்கான ஏகஜாலக (ஒற்றைச் சாளர) விண்ணப்பத்தில் பள்ளியும் பாடத்தொகுப்பும் சேர்ந்ததுதான் ஒரு ஆப்ஷன். பக்கத்துப் பள்ளி என்பதற்காக வேறு தொகுப்பை மேலே போட்டுவிட்டு, அது கிடைத்த பிறகு கையைப் பிசைகிறவர்கள் உண்டு. முதல் ஆப்ஷன் கிடைத்தால் நிரந்தர அட்மிஷன்தான் எடுக்க வேண்டும். கீழே உள்ளது கிடைத்தால் தற்காலிகமாகச் சேர்ந்துகொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கலாம். இரண்டாம் மொழியாகத் தமிழ் அதே பள்ளியில் இருக்கிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நிறப் பெயர்களை வேறு நிறத்தில் எழுதி, எழுதிய நிறத்தைச் சொல்லச் சொல்லும் ஸ்ட்ரூப் சோதனையைப் பிராக்டிகலுக்காகத் தோழிகளிடம் செய்தேன். இரண்டு அட்டைக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான் ஆனது. எங்கே தப்பு?
- ப்ளஸ் டூ மாணவி, மறையூர்

அட்டையை எந்த எழுத்தில் எழுதினீர்கள்? மலையாளத்தில் எழுதி, தமிழ் மீடியத்தில் படித்த தோழியிடம் நீட்டியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். 1935-ல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் வெளியிட்ட சோதனை இது. எழுத்தைக் கண்டதும் வாசிப்பு தானாக ஓடுகிறது. அதை அடக்கி நிறத்தைச் சொல்ல நேரம் பிடிக்கிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கிறவருக்கு வாசிப்பு அவ்வளவு வேகமாக ஓடாது, குறுக்கீடும் குறையும். அவரவர் சரளமாக வாசிக்கும் எழுத்திலேயே அட்டை போடுங்கள்.

இன்னொரு சந்தேகம்: 'இதை வாசி' என்று சொல்லிவிட்டீர்களா? சொல்லை வாசிக்கச் சொன்னால் வித்தியாசம் வராது. 'எழுத்தை விடு, நிறத்தை மட்டும் சொல்' என்பதுதான் கட்டளை. அதையும் எழுதிவைத்து எல்லோருக்கும் ஒரே மாதிரி வாசித்துக் காட்டுங்கள்.

சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு போதும்; மஞ்சள் ஸ்கெட்ச் பேனா வெள்ளைத் தாளில் மங்கும். அட்டைக்கு 40 இடம், நிறத்துக்குப் பத்து, ஒரே நிறம் அடுத்தடுத்து வரக்கூடாது. பத்தே சொல் வைத்தால் ஸ்டாப்வாட்சை அமுக்கும் தாமதமே வித்தியாசத்தை விழுங்கிவிடும். ஒப்பிட வைக்கும் அட்டையில் நிறப்பெயர் வேண்டாம், வெறும் நிறப்புள்ளிகள் வையுங்கள். பாதிப்பேருக்குப் புள்ளி அட்டையையும் மீதிப்பேருக்குச் சொல் அட்டையையும் முதலில் கொடுங்கள். எல்லோருக்கும் சொல் அட்டையே இரண்டாவதாக வந்தால், முதல் அட்டையில் கிடைத்த பழக்கம் அதன் நேரத்தைக் குறைத்துவிடும். சிவப்பு-பச்சை பிரித்தறியாதவர் யாராவது இருக்கிறாரா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வித்தியாசம் வராவிட்டால் வந்ததாக ரெக்கார்டில் திருத்தாதீர்கள். வந்த நேரத்தை அப்படியே போட்டு, ஏன் வரவில்லை என்று விவாதப் பகுதியில் எழுதுங்கள். நல்ல எக்ஸாமினர் வைவாவில் அதைத்தான் கிளறுவார்.

புரிந்துதான் எழுதுகிறேன். ஸ்கோர் மட்டும் வருவதில்லை.
- ப்ளஸ் ஒன் மாணவன், வாளையார்

பேச்சு வழக்கில் புரிந்திருக்கும், பாடத்தின் கணக்கில் புரிந்திருக்காது. எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்று எழுதுவது எல்லா வகுப்பிலும் நடக்கிறது. காரில் பெல்ட் போடும்வரை பீப் சத்தம் கேட்கிறது, போட்டதும் நிற்கிறது, அதனால் பெல்ட் போடும் பழக்கம் கூடுகிறது: இது எதிர்மறை வலுவூட்டல். ஹெல்மெட் இல்லாமல் போய் அபராதம் கட்டியவர் அப்படிப் போவதைக் குறைக்கிறார்: இது தண்டனை. நடத்தை கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள், குழப்பம் தீரும். தியரி 60 ஸ்கோர், 2 மணி நேரம். முன்னால் கேள்வித்தாளை வாசிக்கத் தரும் 15 நிமிட கூல் ஆஃப் டைமில் எந்தக் கேள்விகளை விடுவது என்று முடிவு செய்துவிடுங்கள்.

ப்ளஸ் டூவில் சைக்காலஜி படிக்காமல் டிகிரியில் எடுக்கலாமா? முடித்ததும் கவுன்சலிங் சென்டர் வைக்கலாமா?
- வாசகர், மீனாட்சிபுரம்

எடுக்கலாம், பெரும்பாலான கல்லூரிகள் ப்ளஸ் டூவில் சைக்காலஜி கேட்பதில்லை. படித்து வந்தவருக்கு முதல் வருடம் கொஞ்சம் லேசு, அவ்வளவுதான். புள்ளியியல் எல்லோருக்கும் உண்டு.

சென்டர் விஷயத்தில் அவசரம் வேண்டாம். டிகிரியை மட்டும் வைத்துக்கொண்டு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட முடியாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து, அதன் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்க வேண்டும். கல்லூரி விளம்பரம் எதைச் சொன்னாலும், அந்தப் படிப்புக்குக் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.